எம்1008 ராணுவ டீசல் பிக்கப் வாங்கலாமா? பிக் பெண்ட், கொலராடோ மலைப்பாதைக்கு

நாமக்கல்_பட்டறை

வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட் ராக்கில் இருக்கிறேன். ராணுவம் கழித்துவிட்ட டீசல் வண்டி ஒன்றை வாங்கி, கரடுமுரடான பாதைக்குத் தயார் செய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. மனசில் இருக்கும் இடங்கள் பிக் பெண்ட் தேசியப் பூங்காவில் ஓல்டு ஓர் ரோடும் பிளாக் கேப் ரோடும். கோடை விடுமுறையில் கொலராடோ போய் ஆல்பைன் லூப் என்ற மலைப்பாதை. மனைவியும் இரண்டு பையன்களும் (11 வயது, 8 வயது) கூட வருவதாக இப்போதைக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

முதலில் ஹம்வீ பார்த்தேன். ஏலத்தில் நிறைய வருகிறது, ஆனால் சாலையில் ஓட்டப் பதிவு வாங்குவது ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு கதை. அப்புறம் எம்35ஏ2, அந்த மூன்று ஆக்சில் இரண்டரை டன் லாரி. அப்பாவின் லாரிப் பட்டறையில் வளர்ந்தவன், அதைப் பார்த்ததும் கை துறுதுறுத்தது. மனைவி படத்தைப் பார்த்துவிட்டு, "இதை எங்கே நிறுத்துவீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது வேகோ பக்கம் ஒரு பண்ணைக்காரர் 1985 செவர்லே எம்1008 பிக்கப் ஒன்றை விற்கிறார். 6.2 லிட்டர் டீசல், முன்னால் டேனா 60, பின்னால் 14 போல்ட், இரண்டும் கனரக ஆக்சில். கேட்பது 8,500 டாலர். என் கையில் மொத்தம் 13 ஆயிரம் இருக்கிறது. வாங்கிவிட்டு வண்டியை உயர்த்த நான்கு அங்குல லிஃப்ட், 37 அங்குல டயர், முன்னாலும் லாக்கர் (இரு பக்கச் சக்கரத்தையும் சேர்த்துச் சுழற்றுவது), மாட்டிக்கொண்டால் இழுக்க வின்ச், பணம் மிஞ்சினால் டர்போ என்று திட்டம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? 24 வோல்ட் வயரிங் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே, அது அவ்வளவு மோசமா? எதை முதலில் செய்வது? டீசல் வேலை எனக்குப் பழக்கம்தான், ஆனால் பழகியதெல்லாம் லேலண்ட், டாடா. அமெரிக்க வண்டியில் கை வைத்ததில்லை.

டியூஸ்_பிரியன்

எம்35 வாங்குங்கள் என்று சொல்ல நாக்கு துடிக்கிறது, என்னிடமும் ஒன்று நிற்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் கேட்டது நியாயமான கேள்வி. சும்மா நிற்கும்போதே ஏறக்குறைய ஆறு டன். பெரும்பாலான வண்டிகளில் பவர் ஸ்டீயரிங் கிடையாது. பிரேக் ஒற்றைச் சர்க்யூட்: ஒரு ஹோஸ் கிழிந்தால் எல்லாச் சக்கரத்துக்கும் சேர்த்துப் போய்விடும், மிச்சம் ஹேண்ட் பிரேக்தான். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மலையிறக்கத்தில் அது வேண்டாம். எம்1008 பாருங்கள், நல்ல வண்டி.

பழைய_இரும்பு

தம்பி, நான்கு பேரும் எங்கே உட்காரப் போகிறீர்கள்?

எம்1008 ஒற்றை கேபின். ஒரே ஒரு நீள சீட். மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், நான்காவது ஆளுக்குப் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டிதான். டெக்சாஸில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் திறந்த தொட்டியில் ஏற்றிக்கொண்டு சாலையில் போவது குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும் நீங்கள் ஏற்றமாட்டீர்கள் என்று நினைக்கிறேன். டேனா 60 என்று விளம்பரத்தில் படித்தவுடன் ஆட்களுக்கு சீட்டை எண்ணத் தோன்றுவதில்லை.

நான் சான் அன்டோனியோ பக்கம் எம்1008 வைத்து ஓட்டுகிறேன், பல வருஷமாக. பெரும்பாலும் தனியாகத்தான் போவேன். அந்த வண்டியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன், விற்கவும் மாட்டேன். உங்களுக்கு நான் சொல்வது எம்1009.

இரண்டும் ஒரே குடும்பம். 1980களின் நடுவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் சாதாரண பிக்கப்பையும் பிளேசரையும் எடுத்து, பச்சை பூசி, 24 வோல்ட் செல்ஃப் மாட்டி ராணுவத்துக்குக் கொடுத்தது. இரண்டிலும் அதே 6.2 லிட்டர் டீசல், அதே மூன்று கியர் டிஎச்400 ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் அதே என்பி208 டிரான்ஸ்ஃபர் கேஸ். வித்தியாசம் ஆக்சிலிலும் நீளத்திலும். எம்1008-இல் பெரிய ஆக்சில்கள், 4.56 கிரவுன் (ஆக்சிலின் கியர் விகிதம்), பின்னால் ராணுவமே போட்டுக் கொடுத்த டெட்ராய்ட் லாக்கர். எம்1009-இல் அரை டன் வண்டியின் 10 போல்ட் ஆக்சில்கள், 3.08 கிரவுன். இதைச் சொல்லித்தான் எல்லோரும் எம்1009-ஐ ஒதுக்குகிறார்கள்.

இப்போது உங்கள் பாதைகளை வைத்துப் பாருங்கள். எம்1008-இன் வீல்பேஸ், அதாவது முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைத்தூரம், 131.5 அங்குலம், எம்1009-இன்னது 106.5. இரண்டு அடிக்கு மேல் வித்தியாசம். கொலராடோவில் கொண்டை ஊசி வளைவில் இந்த இரண்டடிதான் ஒரே மூச்சில் திரும்புவதா, பள்ளத்துக்குப் பக்கத்தில் ரிவர்ஸ் போடுவதா என்று முடிவு செய்யும். நெடுஞ்சாலைக் கணக்கும் உண்டு. என் வண்டியில் ராணுவம் போட்ட 235/85ஆர்16 டயரோடு மணிக்கு 60 மைல் போனால் இன்ஜின் 2,900 சுற்று. நெடுஞ்சாலையில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கியர் கிடையாது. உள்ளே பேச முடியாது, கத்தத்தான் முடியும். எம்1009 அதே 60 மைலில் 2,000 சுற்றில் போகும். ரவுண்ட் ராக்கிலிருந்து ஆல்பைன் லூப்புக்குப் பக்கத்து ஊரான லேக் சிட்டி வரைக்கும் மூன்று பேர் உங்கள் மேல் கோபமாக உட்கார்ந்து வருவதை யோசியுங்கள்.

4.56-இன் லாபம் பாறையில் தெரியும், அதை மறுக்கவில்லை. முதல் கியர், லோ ரேஞ்ச், கிரவுன் எல்லாம் பெருக்கினால் எம்1008-க்கு 29.5 வருகிறது, எம்1009-க்கு 20 தான். ஓல்டு ஓர் ரோட்டுக்கு 20 தாராளம். பிளாக் கேப் பராமரிப்பு இல்லாத பாதை, நடுவில் ஒரு பாறைப் படி இருக்கிறது. அங்கே சக்கரத்தை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் விஷயம்.

சரி, வேகோ வண்டியைப் பார்க்கத்தான் போவீர்கள் என்று தெரியும். போய்ப் பாருங்கள், இரண்டுக்கும் சோதனை ஒன்றேதான்.

முதலில் கீழே படுத்து செல்ஃப் மோட்டாரைப் பாருங்கள். அதன் முன் முனையை பிளாக்கோடு சேர்த்துப் பிடிக்கும் ஒரு சின்ன பிராக்கெட் இருக்க வேண்டும். எப்போதோ செல்ஃப் மாற்றியவர் அதைத் திரும்ப மாட்டச் சோம்பல்பட்டிருப்பார். அது இல்லாமல் ஓட்டினால் செல்ஃப் போல்ட் உடையும், மோசமானால் பிளாக்கே விரிசல் விடும். இத்தனை கனமான செல்ஃபை இரண்டு போல்ட் மட்டும் தாங்காது.

அடுத்து ஃப்ரேம். ஸ்டீயரிங் பாக்ஸ் உட்காரும் இடத்தில், டிரைவர் பக்கத்து ஃப்ரேமில், மண்ணைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். இந்தக் காலத்து செவர்லே வண்டிகளுக்கு அங்கே விரிசல் விழும் வியாதி உண்டு, பெரிய டயர் போட்டால் சீக்கிரமே விழும். விரிசல் இல்லாவிட்டாலும் ஒரு பிரேஸ் வைத்துக் கட்டிவிடுங்கள்.

டீசல் பம்ப் ஸ்டனடைன் டிபி2, முழுக்க மெக்கானிக்கல். உங்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ஆனால் பழைய பம்ப்பில் கவர்னர் பக்கம் ஒரு நெகிழும் வளையம் இருக்கிறது, அது வயதாகிப் பொடிந்து ரிட்டர்ன் லைனை அடைக்கும். ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள், பழுப்பு நிறத்தில் துணுக்குகள் தெரிந்தால் பம்ப் ஓவர்ஹால் செலவைக் கழித்து விலை பேசுங்கள். அந்த இடத்தில் கொஞ்ச நேரம் ஒளி ஊடுருவும் ஹோஸ் ஒன்றை மாட்டினால் காற்றுக்குமிழி வருகிறதா என்றும் தெரிந்துவிடும். காலையில் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தும் 6.2-களில் பாதிக்குக் காரணம் எங்கோ காற்று இழுப்பதுதான், ஸ்டார்ட் ஆகும் முன் இன்ஜினுக்குள் சூடேற்றும் ஹீட்டர் பிளக் மேல் பழி விழும்.

அந்த ஹீட்டர் பிளக்கும் சாதாரணம் இல்லை. 24 வோல்ட் பயம் என்று நீங்கள் கேள்விப்பட்டதில் உருப்படியான பகுதி இதுதான். வண்டியில் விளக்கு, வைப்பர் எல்லாம் 12 வோல்ட். இரண்டு பேட்டரியைத் தொடராகக் கட்டி 24 எடுப்பது செல்ஃபுக்கும் ஹீட்டர் பிளக்குக்கும் மட்டும். பிளக்குகள் 12 வோல்ட் பிளக்குகள், அதனால் 24-ஐ ஃபயர்வாலில் இருக்கும் ஒரு ரெசிஸ்டர் வழியாக இறக்கிக் கொடுக்கிறார்கள். எட்டுப் பிளக்கும் உயிரோடு இருக்கும்வரை கணக்கு சரி. ஒன்று செத்தால் மொத்தக் கரன்ட் குறையும். கரன்ட் குறைந்தால் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டேஜும் குறையும். மிச்சம் ஏழுக்கும் அளவுக்கு மேல் போகும். அடுத்தது சாகும், அதற்கடுத்தது இன்னும் சீக்கிரம். தீக்குச்சிப் பெட்டி பற்றுகிற மாதிரி வரிசையாகப் போகும். செத்த பிளக் நுனி வீங்கிக்கொள்ளும், இழுத்தால் உள்ளேயே உடையும், பிறகு நாசிலைக் கழற்றி அந்தத் துண்டை வெளியே எடுக்க வேண்டும்.

வைத்தியம் எளிது. ரெசிஸ்டரை ஒதுக்கிவிட்டு, எர்த்தோடு சேர்ந்த முன் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் ஹீட்டர் ரிலேவுக்குக் கொடுங்கள். தானாகவே சூட்டைக் கட்டுப்படுத்தும் 60ஜி பிளக்குகளை எட்டும் புதிதாகப் போடுங்கள். செல்ஃப் 24-லேயே இருக்கட்டும், அதைப் போல நம்பிக்கையாகச் சுற்றும் செல்ஃப் எதுவும் இல்லை. முழு வண்டியையும் 12-க்கு மாற்றுகிறேன் என்று கிளம்புபவர்கள் பாதியில் நிறுத்திய வயர்க்கட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

டேஷ்போர்டில் ஜென் 1, ஜென் 2 என்று இரண்டு விளக்கு இருக்கும், இரண்டு ஆல்டர்னேட்டருக்கும் ஒவ்வொன்று. சாவி போட்டதும் இரண்டும் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் அணைய வேண்டும். ஜென் 2 பல்பு ஃபியூஸ் போயிருந்து, அந்த ஆல்டர்னேட்டரும் வேலை செய்யவில்லை என்றால் நாள் முழுக்க உங்களுக்குத் தெரியாது. வண்டி ஓடும், ஹெட்லைட் எரியும். மறுநாள் விடிகாலையில், பக்கத்தில் ஆளே இல்லாத முகாமில், செல்ஃப் எடுக்காது.

செலவு வரிசையில் என் கணக்கு: பிரேக், ஸ்டீயரிங், வயரிங், ஹோஸ்கள், பெல்ட்டுகள், டயர். லிஃப்ட்டும் லாக்கரும் ஒரு வருஷம் ஓட்டிய பிறகு. டர்போ வேண்டவே வேண்டாம். 6.2 பிளாக்குக்கு மெயின் பேரிங் போல்ட் துளைகளில் விரிசல் விடும் பழக்கம் இருக்கிறது. ஆயில் பேனைக் கழற்றாமல் அது தெரியாது, தெரியாத பிளாக்கில் அழுத்தத்தை ஏற்றுவது சூதாட்டம்.

கொலராடோ_குளிர்

இரும்பு அண்ணன் சொன்னதில் டர்போ விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் டென்வரில் இருக்கிறேன், என்னிடம் இருப்பது எம்1009. ஆல்பைன் லூப்பில் சினமன் பாஸ் 12,640 அடி, எஞ்சினியர் பாஸ் 12,800. அந்த உயரத்தில் காற்று மெலிந்துவிடும், மெக்கானிக்கல் பம்ப் தன் பாட்டுக்கு அதே டீசலை ஊற்றும். கரும்புகை, சூடு, நடை வேகம். பின்னால் வரும் ஜீப்காரர்கள் உங்களைத் திட்டுவது கேட்கும். குறைந்த பூஸ்ட் டர்போ அங்கே சக்தியைக் கூட்டுவதற்கு இல்லை, கடல்மட்டத்தில் இருந்ததைத் திருப்பித் தருவதற்கு. எக்ஸாஸ்ட் சூட்டைக் காட்டும் மீட்டர் ஒன்றை மாட்டி, அதைப் பார்த்து ஓட்டினால் பிளாக் தாங்கும். என்னுடையது தாங்குகிறது.

இறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. டீசலில் திராட்டில் வால்வு கிடையாது, பெட்ரோல் ஜீப்பைப் போல இன்ஜின் பிடித்து இழுக்காது. உச்சியிலேயே லோ ரேஞ்சும் முதல் கியரும் போட்டுவிட்டு இறங்குங்கள். இந்த வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்குச் சக்தி கொடுப்பதே பவர் ஸ்டீயரிங் பம்ப்தான். பெல்ட் அறுந்தால் ஸ்டீயரிங்கும் கனக்கும், பிரேக் பெடலும் கல்லாகும், ஒரே நேரத்தில். புது பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்புங்கள், பழையதை ஸ்பேராக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ஜூன் தொடக்கத்தில் வந்துவிடாதீர்கள். பெரும்பாலான வருஷங்களில் அப்போது மேலே இன்னும் பனி அடைத்திருக்கும். ஜூலை நடுவில் வாருங்கள். இங்கே கொண்டை ஊசி வளைவுகள் நெருக்கமாக இருக்கும் பிளாக் பேர் பாஸ் பக்கம் எம்1008-ஐக் கொண்டு வருவதாக எண்ணம் இருந்தால் அதை இப்போதே கைவிடுங்கள்.

பழைய_இரும்பு

உயரத்தில் அவர் சொல்வது சரிதான். நான் சொன்னது டெக்சாஸ்காரன் கணக்கு. இருந்தாலும் ஆயில் பேனைக் கழற்றிப் பார்க்காமல் டர்போ மாட்ட நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நாமக்கல்_பட்டறை

எல்லோருக்கும் நன்றி. சீட் விஷயத்தை மனைவியிடம் சொன்னேன். "அது எனக்கு முதல் படத்திலேயே தெரிஞ்சுது, நீங்க கேட்கலையே" என்றாள்.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வேகோ போய் வந்தேன். நல்ல மனிதர், கீழே படுக்கத் தார்ப்பாய் விரித்துக் கொடுத்தார். செல்ஃப் பிராக்கெட் இல்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் பக்கத்தில் பழைய வெல்டிங் ஒன்று, அதன் ஓரத்திலேயே புதிய கீறல். ஜென் 2 விளக்கு சாவி போட்டாலே எரியவில்லை. ரிட்டர்ன் ஹோஸ் மட்டும் சுத்தம். விலை குறைப்பதாகச் சொன்னார், நான் யோசிப்பதாகச் சொல்லி வந்துவிட்டேன்.

வரும் வழியில் தேடியதில் அபிலீன் பக்கம் 1986 எம்1009 ஒன்று கிடைத்தது, 6,200 டாலர். படங்களில் பின் கதவுக்குக் கீழே துரு தெரிகிறது. பெயின்ட் ராணுவத்துடையதே, திட்டுத்திட்டாக உரிகிறது. 33 டயர் போட்டால் 10 போல்ட் தாங்குமா? வின்ச் 12-ஆ 24-ஆ? இன்னொரு சந்தேகம்: விற்பவர் எஸ்எஃப்97 படிவம் இருக்கிறது, டைட்டில் (வண்டியின் உரிமைப் பத்திரம்) தன் பெயருக்கு மாற்றவே இல்லை என்கிறார்.

பழைய_இரும்பு

கடைசியில் கேட்டதுதான் முதலில். எஸ்எஃப்97 என்பது அரசாங்கம் வண்டியைக் கைமாற்றும்போது தரும் சான்று. அதை வைத்து டைட்டில் வாங்க வேண்டியது ஏலத்தில் எடுத்த ஆள். அந்தப் படிவத்தில் வாங்கியவர் என்று யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அவர் பெயர் இருந்தால், அவரே கவுன்டி வரி அலுவலகத்துக்குப் போய் டைட்டில் எடுத்துத் தரட்டும், பிறகு பணம். மூன்றாவது ஆள் பெயர் இருந்தால் வேறு வண்டி பாருங்கள். 2025 ஜனவரி முதல் டெக்சாஸில் சொந்த வண்டிகளுக்கு வருடாந்தரப் பாதுகாப்புச் சோதனை இல்லை, டீசலுக்குப் புகைச் சோதனையும் கிடையாது. காகிதத் தொல்லை அவ்வளவுதான். பிரேக்கை வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்பதும் அதில் அடக்கம்.

33 அங்குலம் வரை 10 போல்ட் தாங்கும், பாறையில் சக்கரம் துள்ளும்போது ஆக்சிலேட்டரை விட்டுவிடும் கால் உங்களுக்கு இருந்தால். 3.08 கிரவுனோடு 33 போட்டால் ஏற்றத்தில் வண்டி சோம்பும். 4.10-க்கு மாற்றுங்கள், 60 மைலில் 2,500 சுற்று வரும், அது இந்த இன்ஜினுக்குச் சுகமான இடம். அந்தச் செலவு இப்போது வேண்டாம் என்றால் 31-லேயே இருங்கள். பிக் பெண்டுக்கு அது போதும், காற்றைக் குறைத்து ஓட்டினால்.

வின்ச் 24 வாங்குங்கள். அதே இழுவைக்கு பாதிக் கரன்ட்தான் எடுக்கும், வயரும் சூடாகாது, இரண்டு பேட்டரியும் சமமாக இறங்கும். 12 வோல்ட் வின்ச்சை ஒரு பேட்டரியில் மட்டும் கட்டினால் ஒன்று தேய்ந்து ஒன்று நிறைந்து நிற்கும்.

பெயின்ட் விஷயத்தில் கவனம். அது கார்க் என்கிற, ரசாயன ஆயுதங்களைத் தாங்குவதற்கான பூச்சு. பழைய ப்ரைமரில் குரோமேட் இருக்கலாம். காய்ந்த நிலையில் கிரைண்டர் வைத்துத் தேய்க்காதீர்கள், பையன்களைக் கூட வைத்துக்கொண்டு கண்டிப்பாக வேண்டாம். நனைத்துத் தேயுங்கள், சரியான மாஸ்க் போடுங்கள், இல்லையென்றால் உரிகிற மாதிரியே விட்டுவிடுங்கள். என்னுடையது அப்படித்தான் திரிகிறது.

துருவை ஸ்க்ரூடிரைவர் வைத்துக் குத்திப் பாருங்கள். பின்கதவு ஓரம் போனால் போகட்டும், தகடு வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். பின் சீட்டுக்குக் கீழே தரையும், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடமும் கெட்டியாக இருக்க வேண்டும். நான் பார்த்த எம்1009-களில் பின் சீட்டுக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான். உங்கள் சின்னவன் பூஸ்டர் சீட்டில் உட்காருபவன் என்றால் அதற்குத் தோள் பெல்ட் கட்டாயம் வேண்டும், இடுப்பு பெல்ட்டோடு பூஸ்டரை வைக்கக் கூடாது. மூன்று முனை பெல்ட் செட் தனியாகக் கிடைக்கிறது. பக்கச் சுவரில் பலப்படுத்தும் தகடு வைத்து வெல்டிங் அடித்துத்தான் மாட்ட வேண்டும், உங்களுக்கு அரை நாள் வேலை. லிஃப்ட் கிட் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதை ஆர்டர் பண்ணுங்கள்.

நாமக்கல்_பட்டறை

பூஸ்டர்தான், அண்ணா. பெல்ட் பற்றி நினைக்கவே இல்லை. படிவத்தில் விற்பவர் பெயரே இருக்கிறது என்று படம் அனுப்பியிருக்கிறார், டைட்டில் எடுத்துத் தரவும் சம்மதித்துவிட்டார். சனிக்கிழமை அபிலீன் போகிறேன்.

கொலராடோ_குளிர்

போகும்போது மல்டிமீட்டர் எடுத்துப் போங்கள். இன்ஜின் ஓடும்போது இரண்டு பேட்டரியிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள், ஒவ்வொன்றிலும் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும். ஒன்று 12.5-இல் நின்றால் ஒரு ஆல்டர்னேட்டர் காசைக் குறைத்துப் பேசுங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய்ச் சேருங்கள். "இப்பத்தான் சூடு பண்ணி வெச்சேன்" என்று சொன்னால், மத்தியானம் வரை அங்கேயே டீ குடித்துக்கொண்டு இருங்கள்.